சுரண்டிய சாலையும் பழைய புல்லட்டின் முன் டயரும்

பெருமதிப்பிற்குரிய தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவிட்டபோது மனமார மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சாலைமேல் சாலையாகப் போட்டுக்கொண்டே வந்ததில் சென்னையின் எத்தனையோ தெருக்களில் வீட்டு வாசல் சாலைக்குக் கீழே போய்விட்டது. நல்ல மழை பெய்தால் தெருத்தண்ணீர் கூடத்துக்குள் வந்து நிற்கிறது. சுரண்டிப் போடுவதுதான் அதற்கு வழி. ஆகவே சுரண்ட வேண்டாம் என்று கேட்க நான் வரவில்லை. சுரண்டி முடித்த நாளுக்கும் தார் விழும் நாளுக்கும் நடுவே அந்தச் சாலையில் இரண்டு சக்கரத்தில் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் பழைய புல்லட் ஓட்டுகிறவன். என்னைப் போன்றவர்கள் டயர் வாங்கப் போனால் அரை நாள் பேசுவோம். அந்தப் பேச்சில் கொஞ்சம் உங்கள் மேசைக்கும் வந்தால், ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுத வேண்டும் என்பது தெளிவாகும் என்று நம்புகிறேன். இது எந்தச் சாலை, எந்த அமைப்பின் பொறுப்பு என்று விரல் நீட்டும் கடிதமும் அல்ல. மாநகராட்சிச் சாலையானாலும் மாநிலச் சாலையானாலும் சுரண்டிய பரப்பில் விழும் பள்ளக்கோடு ஒன்றுதான். விதி எழுதக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

சுரண்டும் இயந்திரத்தின் வயிற்றில் ஓர் உருளை சுழல்கிறது. அதன்மேல் கார்பைடு முனை வைத்த பற்கள் வரிசையாக இருக்கின்றன. சாதாரண உருளையில் ஒரு பல் வெட்டும் கோட்டுக்கும் அடுத்த பல் வெட்டும் கோட்டுக்கும் 15 மில்லிமீட்டர் இடைவெளி. இயந்திரம் நகரும் திசையிலேயே கோடுகள் விழுகின்றன. அதாவது வண்டி போகும் திசையில். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று இயந்திரத்தை வேகமாக நகர்த்தினாலும், பற்கள் தேய்ந்திருந்தாலும், பரப்பு மேலும் கரடுமுரடாகிறது. காரில் போகிறவருக்கு டயர் இரைச்சல் கூடியது மட்டும்தான் தெரியும். மோட்டார் சைக்கிளில் போகிறவருக்கு அங்கே ஹேண்டில் தன் பேச்சைக் கேட்பது நின்றுபோகிறது.

காரணம் முன்சக்கரத்தின் அமைப்பில் இருக்கிறது. முன் ஃபோர்க் சாய்வாக நிற்கிறது. அந்தச் சாய்வின் கோட்டை நீட்டிப் பார்த்தால் தரையில் எங்கே தொடுமோ, அதற்குச் சற்றுப் பின்னால்தான் டயர் தரையைத் தொடுகிறது. இந்தப் பின்தங்கல்தான் நேராக ஓடும் வண்டியை நேராகவே வைத்திருக்கிறது. ஆனால் தரை டயரைப் பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் அந்தத் தள்ளல் அப்படியே ஹேண்டிலுக்குப் போகிறது. பள்ளக்கோட்டின் விளிம்பு டயரை இடது பக்கம் தள்ளும், டயர் அடுத்த கோட்டில் விழும், அது வலது பக்கம் தள்ளும். வண்டி நெளிந்துகொண்டே போகும்.

எல்லா டயரும் ஒரே அளவுக்கு நெளிவதில்லை. பழைய வண்டியில்தான் இது முதலில் தெரியும். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் இங்கிலாந்தின் ரெட்டிச் நகர ராயல் என்ஃபீல்ட் நிறுவனத்தோடு சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவைத் தொடங்கிய பிறகு திருவொற்றியூரிலிருந்து புல்லட்டுகள் வந்தன. அந்தக் காலத்து 350 புல்லட்டுக்கு முன்னும் பின்னும் 3.25-19 அளவு டயர். பின்னால் துண்டு துண்டான மேடுகள் கொண்ட பட்டன் டயர், முன்னால் ரிப் டயர். ரிப் டயர் என்றால் சக்கரத்தைச் சுற்றி நேர்கோடாக ஓடும் மூன்று நான்கு மேடுகளும் அவற்றுக்கிடையே பள்ளங்களும். அதில் தவறு ஒன்றும் இல்லை. சீரான தார்ச் சாலையில் முன்சக்கரத்துக்கு அதைப்போல நேர்த்தியாக வளையும் டயர் அன்று கிடையாது. பக்கவாட்டு வழுக்கலை அந்த மேடுகளின் விளிம்பு பிடித்துக்கொள்ளும், இலகுவாக உருளும், சீராகத் தேயும். ஆனால் சாலையிலும் நேர்கோட்டுப் பள்ளம், டயரிலும் நேர்கோட்டுப் பள்ளம் என்று ஆகிவிட்டால், திருகாணியின் மரை போல ஒன்றுக்குள் ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. வண்டி போக வேண்டிய திசையைச் சாலை முடிவு செய்யத் தொடங்குகிறது.

இந்தச் சிக்கலை உலகம் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. ஈரமான ஓடுதளத்தில் விமான டயர் தண்ணீர்மேல் மிதந்து வழுக்குவதை 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையம் விரிவாக ஆராய்ந்தது. ஓடுதளத்தில் குறுக்கே கோடுகள் வெட்டினால் தண்ணீர் வழிந்து டயருக்குப் பிடிப்பு கிடைக்கிறது என்று காட்டியது. கலிஃபோர்னியா தன் கான்கிரீட் நெடுஞ்சாலைகளில் கோடுகளைக் குறுக்கே வெட்டாமல் நீளவாக்கில் வெட்டியது. வளைவுகளில் கார் பக்கவாட்டில் வழுக்காமல் இருக்க அது உதவியது. மோட்டார் சைக்கிள்காரர்கள் புகார் செய்தார்கள். அன்றைய பிரிட்டிஷ் வண்டிகளில் முன்னால் ரிப் டயர்தானே. அங்கே நிலைபெற்ற அளவு சுமார் 2.4 மில்லிமீட்டர் அகலக் கோடு, கோட்டுக்குக் கோடு 19 மில்லிமீட்டர். அவ்வளவு ஒடுங்கிய கோட்டில் டயரின் மேடு முழுதாக இறங்க முடியாது. அமெரிக்க மாநிலங்களின் மோட்டார் சைக்கிள் கையேடுகள், இத்தகைய பரப்பில் வண்டி அலைவது போலத் தோன்றினாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை, ஹேண்டிலை இறுக்காமல் சீரான வேகத்தில் நேராகப் போங்கள் என்றுதான் கற்பிக்கின்றன. கோட்டின் அகலமும் இடைவெளியும் ஒரே சீராக இருந்தால் அந்த அறிவுரை போதும். நம் ஊர்ச் சுரண்டிய பரப்பில் எதுவும் சீராக இல்லை.

ஓட்டுகிறவன் தன் பங்கைச் செய்ய வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. செய்யவும் செய்கிறோம். இன்று முன்சக்கரத்துக்கு டயர் தேடும் பழைய வண்டிக்காரர்களுக்கு நான் சொல்வது இது. வண்டி கண்காட்சிக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சவாரிக்கும் மட்டும் என்றால் ரிப் டயர் இருக்கட்டும், அதன் அழகே தனி. நகரச் சாலையில் தினம் ஓட்டுவதென்றால், கோடுகள் சாய்வாகவோ வளைந்தோ ஓடும் டயர் நல்லது. சாய்ந்த கோடு சாலையின் நேர்கோட்டை எந்த இடத்திலும் முழுதாகச் சந்திக்காது, அதன்மேல் பாலம் போட்டு நிற்கும். பிரிட்டனின் ஏவன் நிறுவனத்தில்கூட நேர் ரிப் கொண்ட ஸ்பீட்மாஸ்டரும் சாய்கோட்டு ரோட்ரைடரும் பழைய வண்டிகளுக்கு இருந்தன. இரண்டில் சுரண்டிய சாலைக்கு ரோட்ரைடர்தான்.

அகல டயர் போட்டால் பிடிப்பு கூடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய புல்லட்டின் ரிம் ஒடுக்கமானது. அதில் அளவுக்கு மீறிய டயரைத் திணித்தால் பக்கங்கள் உள்ளே இழுபட்டு, நடுப்பகுதி கூம்பி, தரையைத் தொடும் இடம் இன்னும் குறைந்துவிடும். 3.25க்குப் பதில் 90/90-19 போடலாம், அதற்குமேல் ஆசைப்பட வேண்டியதில்லை. டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. குறைவாக ஓடும் வண்டியில் பட்டன் தேயாமலே ரப்பர் கட்டையாகிவிடும். பார்க்கப் புதிதாக இருக்கும், பிடிப்பு இருக்காது. மத்திய மோட்டார் வாகன விதி இருசக்கர வண்டிக்குக் கேட்பது 0.8 மில்லிமீட்டர் ஆழம்தான். அந்த எல்லைவரை தேய விடுவது சட்டப்படி சரி, மழைக்காலத்தில் சரியல்ல. ஹேண்டில் திரும்பும் கோன் செட் தளர்ந்திருந்தாலும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தாலும் எந்த டயரும் உதவாது. வண்டி நெளிகிறது என்று டயரை மாற்றியவர்கள் பலர், மாற்றியிருக்க வேண்டியது அந்த புஷ்ஷை. காற்றும் அப்படித்தான். கையேட்டில் உள்ள அளவுக்குக் குறைந்தால் டயர் கோட்டுக்குள் அழுந்துகிறது, கூடினால் மேட்டுக்கு மேடு குதிக்கிறது.

இவ்வளவும் செய்த பிறகும் டயரால் ஆகாத காரியங்கள் மிச்சம் இருக்கின்றன. அவை உங்கள் கையில் இருப்பவை.

முதலும் மிக மோசமானதும் நீளவாக்கில் நிற்கும் படி. சாலையின் பாதி அகலத்தைச் சுரண்டிவிட்டு மீதியை அடுத்த நாளுக்கு வைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நாற்பது ஐம்பது மில்லிமீட்டர் உயரத்தில், வண்டி போகும் திசையிலேயே ஒரு விளிம்பு. 3.25 டயரின் அகலம் எண்பத்து சொச்சம் மில்லிமீட்டர். பேருந்துக்கு வழிவிட ஒதுங்கும்போது முன்சக்கரம் அந்த விளிம்பை உரசியபடியே ஓடும், ஏறாது. ஹேண்டிலைத் திருப்பியும் சக்கரம் ஏறாமல் நிற்கும் அந்த நொடியில் வண்டி தன் சமநிலையைத் திருத்திக்கொள்ள முடியாமல் சாய்கிறது. உலகத்தின் எந்த டயர் நிறுவனமும் இதற்கு டயர் செய்யவில்லை.

இரண்டாவது, மேன்ஹோல் மூடிகள். சுற்றிலும் சுரண்டியபின் மூடி மட்டும் மேட்டில் நிற்கிறது. மழை பெய்து தண்ணீர் நின்றால் அது கண்ணுக்கே தெரியாது. சுரண்டிய பொடியும் சிறு கல்லும் அள்ளப்படாமல் கிடந்தால், பள்ளக்கோட்டின்மேல் உருளும் கற்கள் வேறு.

இதைப் பழைய வண்டிப் பிரியர்களின் குறை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021இல் வந்த தனிப் பதிவு விதி, அப்படிப் பதிவு செய்த வண்டிகளைத் தினசரி ஓட்டக் கூடாது என்கிறது. நாங்கள் வீட்டிலேயே நிறுத்திவிடலாம். ஆனால் புல்லட்டின் 19 அங்குலச் சக்கரமே தடுமாறும் இடத்தில், 10, 12 அங்குலச் சக்கரம் கொண்ட ஸ்கூட்டர் என்ன பாடுபடும்? சிறிய சக்கரம் சிறிய பள்ளத்திலும் முழுதாக இறங்கும். அந்த ஸ்கூட்டரில் பள்ளிக்குப் பிள்ளையை ஏற்றிப்போகும் தாய் இருக்கிறார், இரவில் உணவு கொண்டுபோகும் இளைஞர் இருக்கிறார். அவர்களால் வண்டியை நிறுத்திவைக்க முடியாது.

நான் கேட்பவை புதிய கண்டுபிடிப்புகள் அல்ல. ஒரே இரவில் தார் போட்டு முடிக்கக்கூடிய நீளத்தை மட்டும் சுரண்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தார் ஆலையோ இயந்திரமோ பழுதானால் அதிகபட்சம் நாற்பத்தெட்டு மணி நேரம் கொடுங்கள். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் ஒப்பந்தக்காரரின் தொகையில் பிடித்தம் செய்யுங்கள். சுரண்டிய பரப்பிலேயே போக்குவரத்தை விட்டாக வேண்டிய முக்கியச் சாலைகளில், 8 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட நுண் உருளையைக் கட்டாயமாக்குங்கள். அப்படிப்பட்ட உருளைகள் சந்தையில் இருக்கின்றன, செலவு கூடும், ஆனால் பரப்பு எவ்வளவோ மென்மையாக வரும். நீளவாக்கு விளிம்பை அன்றிரவே தார்க் கலவையால் சரிவாக்க வேண்டும். மூடிகளைச் சுற்றியும் அப்படியே. சுரண்டி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் கூட்டி அள்ள வேண்டும்.

அறிவிப்புப் பலகை பற்றி ஒரு வார்த்தை. சாலைப் பணி நடக்கும் இடங்களில் போக்குவரத்தை எப்படி நடத்துவது என்று இந்திய சாலைக் காங்கிரஸ் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி நூலே வெளியிட்டிருக்கிறது. அதைப் பின்பற்றினால் போதும். இருசக்கர வண்டிக்கென்று தமிழில் ஒரு வரி மட்டும் சேருங்கள்: சுரண்டிய பரப்பு, வேகம் குறைக்கவும், பிரேக்கை அழுத்தமாகப் பிடிக்க வேண்டாம். பலகை, பள்ளக்கோடு தொடங்கும் இடத்தில் இருந்தால் பயனில்லை. அதற்கு நூறு மீட்டராவது முன்னால், இரவிலும் ஒளிரும்படி இருக்க வேண்டும்.

2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198அ பிரிவு உங்களுக்குத் தெரியாததல்ல. சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்புத் தரத்தைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அமைப்புக்கும் ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். விபத்துக்குப் பின் அந்தப் பிரிவைத் தேடுவதைவிட, விபத்துக்கு முன் ஒப்பந்தத்தில் நான்கு வரி சேர்ப்பது எளிது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே சாலைப் பணிகளை முடிக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் அவசரம் கூடுகிறது. சுரண்டிய சாலைகள் அதிகம் திறந்து கிடப்பதும் அப்போதுதான். அடுத்த ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன், இந்தக் கால வரம்பையும் விளிம்புச் சரிவையும் அதில் சேர்த்து ஒரு சுற்றறிக்கை அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையில் பழைய புல்லட் ஓட்டும் ஒருவர்