டப்பாவில் 200 ஆம்ப்ஸ், சுவரில் 16 ஆம்ப்ஸ்!

அணுபுரத்துக்காரர்களிடம் வெல்டிங் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். அங்கே குடியிருப்பவர்களில் பெரும்பாலோர் கல்பாக்கத்து அணுசக்தி நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். அந்தக் கல்பாக்கத்தில்தான் ஈனுலையின் முதன்மைக் கலன், சுமார் 13 மீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுப் பாத்திரம், வெல்டிங் செய்து உருவாக்கப்பட்டு 2009 டிசம்பரில் உள்ளே இறக்கப்பட்டது. அந்த மாதிரி வேலையில் என்ன உலோகம், எத்தனை தடிமன், எந்த ராடு, எவ்வளவு கரண்ட் என்று எழுதிச் சோதித்த பிறகுதான் மெஷினில் கை வைப்பார்கள்.

பொழுதுபோக்குக்கு மெஷின் வாங்குகிறவர் செய்வது நேர் எதிர். ஆன்லைனில் இரண்டு படம். ஒன்றில் 200, இன்னொன்றில் 250. விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான். பெரிய நம்பர் ஜெயிக்கிறது! இதில் விற்பவரின் தந்திரம் பாதி, வாங்குபவரின் ஆசை மீதி.

கணக்கைப் பாருங்கள். 200 ஆம்ப்ஸில் ராடு வெல்டிங் செய்யும்போது முனையில் சுமார் 28 வோல்ட் இருக்க வேண்டும். பெருக்கினால் 5,600 வாட். வீட்டுச் சுவரில் இருக்கும் பெரிய பிளக் 16 ஆம்ப்ஸ். 230 வோல்ட்டில் அது தரக்கூடியது 3,680 வாட். மெஷினுக்குள் வீணாகும் மின்சாரத்தைக் கழிப்பதற்கு முன்பே இந்த நிலைமை. ஆக, காசு கொடுத்து வாங்கிய 200 அந்த பிளக் வழியாக வரவே வராது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் இதற்குப் பெயர் ஐடில் கெப்பாசிட்டி.

அதோடு போனால் பரவாயில்லை. எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதே என்று ஒயரை மாற்றாமல் பெரிய எம்.சி.பி. போடுகிறவர்கள் உண்டு. அப்புறம் சூடாவது சுவருக்குள் இருக்கும் ஒயர். அது எரிந்தால் எந்த கம்பெனியின் வாரண்டியும் காப்பாற்றாது.

"பெரிய மெஷினைக் குறைத்து வைத்து ஓட்டினால் சூடாகாதே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், டப்பாவில் போட்ட நம்பர் உண்மையாக இருந்தால். அதைச் சோதிக்கும் அளவுகோல் டியூட்டி சைக்கிள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் வேலை, நாலு நிமிடம் ஓய்வு. அதுவும் 40 டிகிரி வெப்பத்தில் என்பது சர்வதேச விதி. செங்கல்பட்டுப் பக்கத்துக் கத்திரி வெயிலுக்கு இது ரொம்பவே பொருந்தும். ஆம்ப்ஸைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு டியூட்டி சைக்கிளைப் பற்றி மூச்சே விடாத டப்பாவை எதற்கு நம்ப வேண்டும்?

வீட்டுக்குத் தேவைதான் என்ன? பூந்தொட்டி ஸ்டாண்டு, செருப்பு ராக், கேட் தாழ்ப்பாள். ஒன்றரை இரண்டு மில்லி கனமுள்ள ஸ்கொயர் டியூபுக்கு 2.5 மில்லி ராடும் 80 ஆம்ப்ஸும் தாராளம். அதற்கு 16 ஆம்ப்ஸ் பிளக் போதும்.

அடுத்தது சர்வீஸ். பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின் கனம்தான். ஆனால் காயில் போனால் உள்ளூர் வைண்டிங் கடையில் கட்டிக்கொள்ளலாம். இன்வெர்ட்டர் மெஷின் லேசு, கரண்டும் குறைவு. ஆனால் உள்ளே இருப்பது சர்க்யூட் போர்டு. ஃபேன் இழுக்கும் காற்றோடு கடற்கரை ஊரின் உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளே போகும். இன்வெர்ட்டரே வாங்குங்கள், தப்பில்லை. போர்டு போனால் யார் சரிசெய்வார் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பாரிமுனை செம்புதாஸ் தெருக் கடையில் நூறு ரூபாய் கூட இருந்தாலும், கேட்க ஒரு ஆள் இருக்கிறார்.

கடைசியாக, கண். மெஷினோடு இலவசமாக வரும் கைப்பிடிக் கண்ணாடியை நம்பி 250 ஆம்ப்ஸ் வாங்குவது தலைகீழ் கணக்கு. பட்ஜெட்டில் முதலில் எழுத வேண்டியது நல்ல ஹெல்மெட், தோல் கையுறை, காற்றோட்டமான இடம். ஜி.ஐ. பைப்பை மூடிய அறையில் வெல்டிங் செய்தால் துத்தநாகப் புகையால் ராத்திரியே காய்ச்சல் வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017இல் வெல்டிங் புகையையே புற்றுநோய்க் காரணிகளின் முதல் வரிசையில் சேர்த்துவிட்டது.

எனவே கடைக்காரரிடம் மூன்றே கேள்வி. 16 ஆம்ப்ஸ் பிளக்கில் எத்தனை ஆம்ப்ஸ் வரும்? அந்த ஆம்ப்ஸில் டியூட்டி சைக்கிள் என்ன? ரிப்பேருக்கு எங்கே கொண்டுபோக வேண்டும்? மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வருவதுதான் லாபம்.