நன்றி கெட்டவள் என்று பெயர் வாங்கிய பேராசிரியை

பிழைக்க வந்த இடத்தில் வாயைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு சுனேரா தோபானியை விட நல்ல உதாரணம் கிடையாது. கனடாவில், வான்கூவரில் இருக்கும் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2001-ல் பெண்ணியல் பேராசிரியையாக இருந்தவர். தான்சானியாவில் பிறந்த தெற்காசிய வம்சாவளிப் பெண். இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா என்று மூன்று நாடுகளில் படித்தவர். கனடாவின் நூற்றுக்கணக்கான பெண்கள் அமைப்புகள் சேர்ந்த தேசியக் கூட்டமைப்புக்கு 1993 முதல் 1996 வரை தலைவி. வெள்ளையரல்லாத ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பொறுக்குமா? அந்த நேரத்தில் ஒரு எம்.பி. நாடாளுமன்றத்திலேயே எழுந்து இவரை சட்டவிரோதக் குடியேறி என்றார். அது பொய். ஆனால் பொய்யென்று தெரிந்தபிறகும் சிலரை விட்டு இந்த மாதிரிப் பட்டங்கள் போவதேயில்லை.

அதெல்லாம் சும்மா ஒத்திகை. நிஜமான கூத்து 2001 அக்டோபர் 1 அன்று ஒட்டாவாவில் நடந்த பெண்கள் மாநாட்டில் ஆரம்பித்தது. நியூயார்க் கோபுரங்கள் விழுந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஆப்கானிஸ்தான் மீது குண்டு விழ இன்னும் ஆறு நாள். மேடையேறிய தோபானி, சிலியிலிருந்து நிகரகுவா வரை அமெரிக்க வெளியுறவுக் கொள்கை போன பாதையெல்லாம் ரத்தம் என்றார். தாக்குதலில் செத்தவர்களுக்காக வலிக்கிறது, சரி, அமெரிக்காவால் செத்தவர்களுக்காகவும் நமக்கு வலிக்கிறதா என்று கேட்டார். கூட்டம் கைதட்டியது. வெளியே நாடு கொதித்தது.

பிரதமர் ழான் கிரெத்தியென் கண்டித்தார். மாகாண முதல்வர் கோர்டன் கேம்ப்பெல் கண்டித்தார். அந்தக் கூட்டத்தில் இருந்த பாவத்துக்காக ஹெடி ஃப்ரை என்ற அமைச்சர் ராஜினாமா செய்யவேண்டும் என்று எதிர்க்கட்சி குதித்தது (எழுந்து வெளியே போயிருக்கவேண்டுமாம்!). தோபானிக்கு மிரட்டல்கள் வந்து குவிந்தன. உச்சகட்டமாக, வெறுப்புப் பேச்சு என்று போலீஸில் புகார். யாருக்கு எதிரான வெறுப்பு? அமெரிக்கர்களுக்கு எதிரான வெறுப்பு! நிறம், இனம், மதம் பார்த்து மக்களைத் தாக்கும் பிரச்சாரத்திலிருந்து காப்பாற்ற எழுதிய சட்டத்துக்குள், உலகத்தின் ஒரே வல்லரசு பாவப்பட்ட சிறுபான்மையாக வந்து ஒதுங்கிக்கொண்டது. வழக்கு எதுவும் போடப்படவில்லை. போடவேண்டிய அவசியமும் இல்லை. புகார் வந்திருக்கிறது என்ற செய்தி பத்திரிகையில் வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கண்டித்தவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமுடியாது. அந்த தாக்குதலில் கனடாக்காரர்கள் 24 பேர் செத்திருந்தார்கள். சாவு வீட்டில் ஒப்பாரி ஓயும்முன் கணக்கு கேட்பதா என்று துக்கத்தில் இருந்தவன் கோபப்பட்டால் அது மனித இயல்பு. ஆனால் சாவு வீட்டிலிருந்தே படை கிளம்பிக்கொண்டிருந்ததே? ஏழாம் தேதி குண்டு போடப்போகிறவன் முதல் தேதி தயாராகும்போது, கேள்வியை மட்டும் கருமாதி முடிந்து கேள் என்றால் எப்படி?

இன்னொன்று. அமெரிக்கக் கொள்கையை இதைவிடக் காட்டமாக நோம் சோம்ஸ்கி அதற்கு முப்பது வருஷம் முன்பிருந்தே திட்டிக்கொண்டிருந்தார். அவரையும் துரோகி என்றார்கள்தான். ஆனால் வந்த ஊருக்குத் திரும்பிப் போ என்று யாரும் அவருக்கு டிக்கெட் எடுத்துத் தர முன்வரவில்லை. தோபானியிடம் எதிர்பார்த்தது வாதத்தை அல்ல, நன்றியை. குடியுரிமை கொடுத்தோம், வேலை கொடுத்தோம், இப்படியா பேசுவது என்ற பண்ணையார் தொனி. குடியேறியவன் என்றைக்கும் நன்றிக்கடன் தீராத விருந்தாளியாகவே வைக்கப்படுவது பற்றி அவர் 2007-ல் ஒரு புத்தகமே எழுதினார். உதாரணத்துக்கு வெளியே தேடி அலைந்திருக்கமாட்டார்.

இந்தக் கூச்சலில் யாரும் பதில் சொல்லாமல் நழுவிய விஷயம் ஒன்று உண்டு. ஆப்கன் பெண்களைக் காப்பாற்றப் போகிறோம் என்ற பேச்சையும் அன்றைக்கு அந்த மேடையில் அவர் எடுத்தார். காலனியாக இருந்தவர்களுக்கு இந்தக் 'காப்பாற்றல்' எப்படிப்பட்டது என்று தெரியும் என்றார். பெண்ணியல் பேராசிரியை தன் துறையைப் பற்றித்தான் பேசினார். பதிலுக்கு 2001 நவம்பர் 17 அன்று லாரா புஷ் வானொலியில் வந்து, இந்தப் போர் பெண்களின் உரிமைக்கான போரும்தான் என்றார். எண்பதுகளில் முஜாஹிதீன்களுக்கு ஆயுதம் கொடுத்தபோது அந்தப் பெண்களெல்லாம் எங்கே போயிருந்தார்களோ.

இடைப்பட்ட இருபது வருஷத்தில் லட்சக்கணக்கான ஆப்கன் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனது உண்மை. நாடாளுமன்றத்தில் பெண்கள் உட்கார்ந்ததும் உண்மை. அது அவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சம்பாதித்தது. கனடாவும் 2014 வரை அங்கே இருந்து 158 சிப்பாய்களைப் பறிகொடுத்தது. கடைசியில் 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்கா தாலிபானோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது. ஆப்கன் அரசாங்கத்துக்கே அந்த மேஜையில் இடமில்லை. படை எப்போது போகும், கைதிகள் எத்தனை பேர் வெளியே வருவார்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். பெண்கள் உரிமை பற்றி ஒரு வரிகூட இல்லை. 2021 ஆகஸ்ட் 15 அன்று காபூல் விழுந்தது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழக வாசலில் பெண்களைத் தடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள்.