கொசுவலையைப் பரணில் போட்டவர்களுக்கு

நண்பர்களே, பதிவு கொஞ்சம் நீளம். என்னிடம் படித்தவர்கள் பலர் இங்கே இருக்கிறீர்கள். என் வகுப்பில் நாற்பது நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தவர்களுக்கு இது ஒன்றும் பெரிதில்லை.

படுக்கையறைத் தொல்லைகள் தீர எளிய வழிகள் என்று ஒரு காணொளி, ஒரே நாளில் மூன்று குழுக்களிலிருந்து எனக்கு வந்து சேர்ந்தது. கட்டில் கிறீச்சிட்டால் மெழுகு தடவு, தலையணை நாறினால் சமையல் சோடா தூவு என்கிறார் அந்தப் பெண்மணி. அதோடு எனக்குச் சண்டையில்லை. கட்டில் போல்ட்டை ஸ்பேனரால் ஒரு முடுக்கு முடுக்கினால் சத்தம் நின்றுவிடும், அவ்வளவுதான். ஆனால் கொசுவுக்கு அவர் சொன்ன வழி இருக்கிறதே, அதைப் பார்த்ததும்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். காலியான லிக்விட் பாட்டிலில் மண்ணெண்ணெயையும் கற்பூரத்தையும் கலந்து ஊற்றி, மெஷினில் மாட்டி, கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்க வேண்டுமாம். சூடாகிற ஒரு கருவியில் மண்ணெண்ணெய்! பக்கத்தில் மெத்தை, போர்வை, தூங்குகிற குழந்தை. பார்த்தவர்கள் எல்லாம் கை கூப்பி நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், யோக்கியதை குறைவுதான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தோரு வருஷம் அறிவியல் பாடம் எடுத்தவன் நான். முழுமையான எரிதல், முழுமையற்ற எரிதல் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். அதே ஆள் ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டிலுக்கு அடியில் கொசுவத்திச் சுருளை ஏற்றி வைத்து, புகை வெளியே போய்விடக் கூடாதே என்று ஜன்னலையும் சாத்துவேன். ஏங்க, வலை கட்டிக்கலாமே என்று என் மனைவி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். வாடகை வீட்டில் சுவரில் ஆணி அடித்தால் வீட்டுக்காரர் கோபிப்பார் என்பேன். சொந்த வீடு கட்டிய பிறகு, புழுங்கும் என்றேன். அவளுடைய அம்மா சீதனத்தோடு கொடுத்த நூல் வலை பரணிலேயே கிடந்து எலி கடித்துப் போயிற்று.

போன வருஷம் கோடை விடுமுறைக்குப் பேத்தி வந்தாள். ஐந்து வயது. மூன்றாம் நாள் ராத்திரி இழுப்பு வந்துவிட்டது. நெஞ்சு விசில் அடிக்கிறது, பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறது. ஆட்டோ பிடித்து ஓடினோம். மருந்துப் புகை வைத்து, பிள்ளை கொஞ்சம் அடங்கிய பிறகு, அந்த இளம் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "வீட்டுல கொசுவத்தி ஏத்துறீங்களா சார்?" நல்லவேளை, அவர் என்னிடம் படித்தவர் இல்லை.

புகை என்றால் எவ்வளவு புகை? ஒரே ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று, சீனா, மலேசியாச் சுருள்களைச் சோதித்த ஆய்வு ஒன்று 2003இல் வெளியானது. துகள் அளவுக்கான கணக்கு அது. சிகரெட்டும் சுருளும் எல்லா விதத்திலும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் குழந்தை தூங்கும் அறையில் ஒருவர் ஒரு சிகரெட் பற்ற வைத்தால் நாம் என்ன பேச்சுப் பேசுவோம்? கொசுவத்தியை மட்டும் நாமே ஏற்றி வைத்துவிட்டு நல்ல தாத்தா என்று பேர் வாங்குகிறோம்.

புகையில்லாத லிக்விடுக்கு மாறிவிட்டோம் சார் என்பீர்கள். மாறுங்கள், சுருளைவிட அது தேவலாம்தான். ஆனால் அதுவும் பைரித்ராய்டு வகை பூச்சிமருந்துதான். மீன் தொட்டி வைத்திருப்பவர்களும் பூனை வளர்ப்பவர்களும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் அது ஆகாது. இதே வகை மருந்தை வருஷக்கணக்காகச் சுவாசித்துப் பழகிய கொசுக்கள் உலகத்தின் பல பகுதிகளில் அதற்கு மசிவதை நிறுத்திவிட்டன. மெஷின் எரிகிறது, அதன் தலை மேலேயே கொசு உட்கார்ந்திருக்கிறது என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். தெருவில் வரும் பெயர் தெரியாத கொசு ஊதுபத்தியை மட்டும் தொடவே தொடாதீர்கள். பூச்சிக்கொல்லிச் சட்டம் 1968இல் வந்தது. கொசு மருந்து எதுவானாலும் பதிவு எண் வேண்டும். அட்டையில் அது இல்லை என்றால் உள்ளே என்ன மருந்து, எவ்வளவு மருந்து என்று விற்பவருக்கே தெரியாது. பூ படம் போட்டிருப்பதால் அது மூலிகை ஆகிவிடாது.

காதுக்குக் கேட்காத ஒலியால் கொசுவை விரட்டும் பிளக் என்று ஒன்று விற்கிறார்களே, அதற்கு ஒரு வரி போதும். பத்துக் கள ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கடியை அது தடுக்கவே இல்லை என்று 2007இலேயே எழுதிவிட்டார்கள். என் சம்பந்தி இரண்டு வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று பழுதாகிவிட்டதாம். எப்படிக் கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை.

என் வாதம் இதுதான். விரட்டுவது வேறு, தடுப்பது வேறு. விரட்டும் பொருளை மாதாமாதம் வாங்க வேண்டும், அதனால் அதற்கு டிவியில் விளம்பரம் உண்டு. தடுக்கும் பொருளை ஒருமுறை வாங்கினால் வருஷக்கணக்கில் உழைக்கும், அதை யார் விளம்பரம் செய்வார்? நான் வாங்கிய இரட்டைக் கட்டில் வலை 650 ரூபாய். எங்கள் வீட்டில் இரண்டு அறைக்கு லிக்விட் பாட்டில் நாலே மாதத்தில் அந்தப் பணத்தைத் தின்றுவிடும்.

வலை கட்டினால் புழுங்கும் என்பது பொய் என்று சொல்ல மாட்டேன். காற்று கொஞ்சம் குறையும். அதற்கு நான் செய்தது, மேசை விசிறியைக் கால்மாட்டில் வைத்து வலைக்குள் நேராகக் காற்று போகும்படி திருப்பியதுதான். கொசு பலமாகப் பறக்கும் பூச்சி இல்லை. நம் மூச்சுக்காற்றையும் உடம்பு வாசனையையும் பிடித்துக்கொண்டுதான் வரும், விசிறிக் காற்று இரண்டையும் கலைத்துவிடும். வலை வாங்கும்போது சதுர அங்குலத்துக்கு 156 கண் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிடப் பெரிய கண் என்றால் கொசு நுழையும், ரொம்பச் சிறியது என்றால் காற்று நுழையாது. ஆணி அடிக்க முடியாதவர்களுக்கு மடக்கிக் கூடாரம் போல் நிற்கும் வலை கிடைக்கிறது. ராத்திரி எழுந்து போகிறவர்களுக்குத் தொந்தரவு என்பீர்கள். மூன்று தடவை எழுந்து போகிறவன் சொல்கிறேன், ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

உண்மையான தடை வேறொன்று. வலையைச் சாயங்காலம் இறக்கி மெத்தைக்கு அடியில் செருகி, காலையில் சுருட்டி மேலே போட ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். புழுங்குது என்று சொல்வது ஆண். சுருளை ஏற்ற ஒரு தீக்குச்சி போதும் என்பதால்தான் நாம் சுருளை விரும்பினோம். இப்போது எங்கள் வீட்டில் வலை இறக்குவதும் சுருட்டுவதும் என் வேலை. இரண்டு நிமிஷம்கூட ஆகாது.

வீடு கட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. நகரும் கண்ணாடி ஜன்னல் வைக்கிறீர்கள், எந்நேரமும் பாதிதான் திறக்கிறது. அந்தப் பாதிக்கும் வலைச் சட்டம் கிடையாது. கேட்டால் எக்ஸ்ட்ரா. பிறகு சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னலைச் சாத்த வேண்டும், சாத்தினால் வேகும், வெந்தால் ஏசி. ஜன்னலுக்கு வலை அடிக்க ஆகும் செலவை ஏசியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். (வலையில் தூசி படியும். மாதம் ஒருமுறை பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் காற்று பழையபடி வரும்.)

ராத்திரி வலை டெங்குவை முழுக்கத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கொசு பகலில் கடிப்பது, காலையிலும் பொழுது சாயும் முன்பும் அதிகம். பகலில் தொட்டிலில் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள். ஃபிரிட்ஜின் பின்னால் கீழே ஒரு தட்டு இருக்கும், எத்தனை பேர் அதை எடுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் காத்திருக்கும். தண்ணீர் பட்டால் பத்து நாளுக்குள் கொசு.

ராத்திரி காதில் ரீங்கரிக்கிறதே, அது வேறு ஜாதி. சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறப்பது. உங்கள் மொட்டை மாடிக்குப் போய் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாய் வாயைப் பாருங்கள். திறந்து கிடந்தால், தெருவுக்கே கொசு வளர்த்துக் கொடுப்பது நீங்கள்தான். ஒரு சாண் வலைத் துணியும் ஒரு கட்டுக் கம்பியும் போதும். புகை வண்டி வரவில்லை என்று நகராட்சியைத் திட்டுகிறோம். திட்டலாம், ஆனால் அந்தப் புகை அப்போது பறந்துகொண்டிருக்கும் கொசுவைத்தான் கொல்லும், தண்ணீருக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. வாய்க்கால் அடைப்பு எடுத்தாயா என்று கேளுங்கள், அது சரியான கேள்வி.

பேத்தி இந்தக் கோடைக்கும் வந்தாள். வலைக்குள் படுத்துக்கொண்டு, தாத்தா கூடாரத்துல கதை சொல்லு என்றாள். டாக்டர் எழுதித் தந்த இன்ஹேலரைப் பையிலேயே வைத்திருந்தோம், ஒரு தடவையும் எடுக்க வேண்டி வரவில்லை. வலையால்தானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். சுருள் வாங்குவது நின்றுவிட்டது, அதற்குச் சத்தியம் செய்வேன்.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய் அந்தக் குழாய்களுக்கு வலை கட்டப் போகிறோம். கிழிந்த கொசுவலை வைத்திருப்பவர்கள் தூக்கிப் போடாமல் கொண்டு வாருங்கள். ஏணி ஒன்றும் தேவைப்படுகிறது. எனக்கு முழங்கால் வலி, மேலே ஏறுகிற வயதில் யாராவது வந்தால் நல்லது.