மூன்றில் ஒன்று ஏன்?



அசோக் பில்லரிலிருந்து வடபழனி வரை ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டே நடந்து செல்லுங்கள். அடுக்குமாடி வீடுகள் பல, அடி முதல் முடி வரை ஒரே அளவாய் நிற்கும். அவை பட்டகங்கள். முருகன் கோயில் கோபுரமோ மேலே செல்லச் செல்ல ஒடுங்கும். அது ஒரு புள்ளியில் முடியாவிட்டாலும் பிரமிடுக்கு உறவுதான். பட்டகத்துக்கு மேலும் கீழும் ஒரே அளவான இரு முகங்கள். பிரமிடுக்கோ ஓர் அடி, ஓர் உச்சி.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிறது. கனஅளவு என்று வரும்போதுதான் சிக்கல். பட்டகத்துக்கு அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கினால் போதும். அதே அடியும் உயரமும் கொண்ட பிரமிடுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. சென்ற ஆண்டுத் தேர்வில் நான் 'பாதி' என்று எழுதிவிட்டேன். செவ்வகத்தில் பாதி முக்கோணம். ஆகவே இதுவும் பாதிதானே என்று எண்ணினேன். விடைத்தாளில் சிவப்பு மை விழுந்தது; தோழிகள் சிரித்தார்கள்.

பிறகுதான் ஒரு செய்தி படித்தேன். கி.பி. 499-ஐ ஒட்டித் தோன்றிய ஆரியபட்டீயத்திலும், பிரமிடின் கனஅளவு அடிப்பரப்பையும் உயரத்தையும் பெருக்கியதில் பாதி என்றே இருக்கிறதாம்! 628-இல் பிரம்மகுப்தர் தம் நூலில் மூன்றில் ஒன்று என்று சரியாகக் கூறினார். அதற்கு வெகுகாலம் முன்பே கிரேக்க நாட்டு யூக்ளிட், முக்கோணப் பட்டகத்தை மூன்று சம கனஅளவுள்ள பிரமிடுகளாகப் பிரிக்கலாம் என்று நிறுவியிருந்தார். மேதைக்கே வந்த பிழை எனக்கு வந்ததில் வெட்கமில்லை. ஏன் பிழை என்று அறியாமல் விடுவதுதான் வெட்கம்.

பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை எடுத்தேன். பக்கம் 6 செ.மீ. உள்ள திறந்த பெட்டி ஒன்று செய்தேன். அதே அடியும் 6 செ.மீ. உயரமும் கொண்ட பிரமிடு ஒன்றும் ஒட்டினேன். அதன் முக்கோணங்களின் உயரம் 6 அல்ல, சுமார் 6.7 செ.மீ. என்பதே எனக்கு முதல் பாடம்! பிரமிடில் அரிசி நிரப்பிப் பெட்டியில் கொட்டினேன். “என்னடி இது, சோறாக்கும் அரிசியில் விளையாட்டு?” என்றார் அம்மா. மூன்றாம் முறை கொட்டியதும் பெட்டி நிரம்பியது. அம்மாவும் குனிந்து பார்த்தார்.

அரிசி உண்மையைக் காட்டியது, காரணம் சொல்லவில்லை. காரணத்தைச் சொன்னது ஒரு சோப்புக்கட்டி. அதைக் கனசதுரமாகச் செதுக்கி, ஒரு மூலையை உச்சியாகக் கொள்ளுங்கள். அந்த மூலையைத் தொடாத முகங்கள் மூன்று. ஒவ்வொன்றையும் அடியாக வைத்து அந்த உச்சி வரை வெட்டினால், ஒரே அளவான மூன்று பிரமிடுகள் கிடைக்கும். மிச்சம் ஒன்றுமில்லை.

பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதில் அட்டையும் அரிசியுமா என்று சிலர் கேட்கலாம். ஒரு பாடவேளை போதும். மறந்து மறந்து மனப்பாடம் செய்யும் நேரத்தைவிட அது குறைவே. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. ஆகவே சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதுமுன் உருவங்களை எங்கள் கையில் கொடுங்கள் என்று ஆசிரியைகளை வேண்டுகிறேன். பெற்றோரே, உங்கள் மகள் ஒரு படி அரிசி கேட்டால் கோபிக்காதீர்கள். தோழியரே, இனி யாரேனும் 'பாதி' என்று எழுதினால் சிரிக்காமல், அவளை அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்து வரச் சொல்லுங்கள்.