பனி ஏன் சரிகிறது?

 

2016 பிப்ரவரி 3ஆம் நாள், சியாச்சினில் 19,600 அடி உயரத்திலிருந்த காவல் நிலையின்மீது பனி சரிந்தது. மதராஸ் படைப்பிரிவின் வீரர் 10 பேர் புதையுண்டனர். அவர்களுள் நால்வர் தமிழகத்தார். ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11இல் காலமானார்.

பஞ்சுபோன்ற பனி எவ்வாறு உயிர் பறிக்கிறது? ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. கடுங்குளிரில் அடியடுக்கு சில வேளை சர்க்கரைபோல் உதிர்ந்து பிடிப்பை இழக்கும். அதன்மேல் புதுப்பனியின் பாரம் ஏறியபின் ஒரு மனிதனின் காலடியே போதும். மேலடுக்கு பாளமாக வெடித்துச் சரியும். 30 முதல் 45 பாகைச் சாய்வுகளே பெரிதும் ஆபத்தானவை. அதனினும் செங்குத்தான இடத்தில் பனி மிகுதியாகத் தங்காது, அவ்வப்போதே உதிரும். களத்தில் கம்பு குவிக்கும் நம் குளத்தூர் மக்கள் அறிந்த உண்மைதான் இது.

புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைப்பர். பின்னர் மூச்சுத்திணறலால் நம்பிக்கை விரைந்து குறையும்.

காரணங்களைப் படைத்தவன் அல்லாஹ். அவற்றை அறிந்து, இயன்றவரை காத்துக்கொண்டு, பின்னர் அவனிடம் ஒப்படைப்பதே தவக்குல். பனிமலைக்கு மட்டுமன்று, மழைக்காலத்தில் நம் கண்மாய்க்கரைக்கும் இது பொருந்தும். எல்லைக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்மார்களுக்காகத் துஆச் செய்வோம்.