கம்பளையின் கோமாளி யார்?

சில மாதங்களுக்கு முன்னர் கண்டியில் நடந்த ஒரு நூல் வெளியீட்டு விழாவுக்குப் போயிருந்தேன். நூலாசிரியர் கம்பளையைச் சேர்ந்தவர். ஆகவே பேசவந்த ஒவ்வொருவரும் கம்பளை மண் பெற்றெடுத்த பெருமக்களின் பட்டியலை ஒப்புவித்தார்கள். இடையில் சபையிலிருந்த ஓர் இளைஞர் எழுந்து, "அல்பேர்ட் மோசஸையும் சொல்லுங்க சேர்" என்றார். மேடையிலிருந்தவர் சிரித்தார். "அவர் வெள்ளைக்காரனுக்குக் கோமாளி வேஷம் போட்டவர். எழுத்தாளர் சபையில அவருட கதை எதுக்கு?" என்று கூறிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். சபையும் சிரித்தது. நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பஸ்ஸில் ஊர் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு உறுத்தத் தொடங்கியது. இக்கட்டுரை அந்தச் சிரிப்புக்கு எதிராக எழுதப்படுகிறது. என் சிரிப்பும் அதில் அடக்கம்.

இளைய வாசகர்களுக்காக அவர் யாரென்று சொல்லிவிடுகிறேன். அல்பேர்ட் மோசஸ் 1937 டிசம்பரில் கம்பளையில் பிறந்தவர். 1960களில் இந்தியா சென்று ஹிந்திப் படங்களில் நடித்தார். அங்கிருந்து ஆபிரிக்கா சென்று ஆவணப்படங்களில் வேலை செய்தார். 1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். முதலில் கிடைத்தவை தொலைக்காட்சித் தொடர்களில் சிறுசிறு வேடங்கள். 1975இல் ஜோன் ஹியூஸ்டன் இயக்கிய 'த மேன் ஹூ வுட் பீ கிங்' படத்தில் குலாம் என்ற பாத்திரம். 1977ஆம் ஆண்டின் கடைசி நாட்களில் தொடங்கிய 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' தொலைக்காட்சித் தொடரில் ரஞ்சித் சிங். 1981இல் 'அன் அமெரிக்கன் வெயர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தில் வைத்தியசாலைச் சிற்றூழியர். 1983இல் ஜேம்ஸ் பொண்ட் படமான 'ஒக்டோபசி'யில், சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜுடன் சேர்ந்து பொண்டுக்கு உதவும் சத்ருத்தீன். 1999இல் 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்தில் அப்துல் கரீம். 2017இல் தமது 79ஆவது வயதில் காலமானார்.

கிறிஸ்தவப் பெயர் தாங்கிய ஒரு கம்பளைக்காரருக்குக் குலாம், சத்ருத்தீன், அப்துல் கரீம் என்று நம்முடைய பெயர்களே மாறிமாறிக் கிடைத்திருக்கின்றன. அவர் நம்மவரா இல்லையா என்று மேடையிலே ஆராய்ந்தவர்கள் இதைக் கவனித்தார்களா தெரியவில்லை. பிரித்தானியத் திரை நம்மை எப்படிப் பார்த்தது என்பதை அறிய விரும்பும் எவரும் இந்த மனிதரின் தொழில் வாழ்க்கையைத் தாண்டிப் போக முடியாது.

மேடைப் பேச்சாளரின் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 'மைண்ட் யுவர் லாங்வேஜ்' ஒரு வகுப்பறைக் கதை. லண்டனில் ஒரு மாலைநேர ஆங்கில வகுப்பு. ஜெரமி பிரவுன் என்ற வெள்ளைக்கார ஆசிரியர். அவருக்கு முன்னால் இத்தாலியர், ஸ்பானியர், கிரேக்கர், ஜப்பானியர், சீனர் என்று வளர்ந்த மாணவர்கள் பத்துப் பேர். ரஞ்சித் சிங் தலைப்பாகை கட்டிய சீக்கியர். பாதாள ரயில் சேவையில் வேலை. எதற்கெடுத்தாலும் ஆயிரம் மன்னிப்புக் கேட்பவர். அவருக்குப் பக்கத்தில் லாகூரிலிருந்து வந்த அலி நதீம்.

நானும் வகுப்பறையில் நின்று பிழைப்பவன். ஆகவே ஓர் ஆசிரியனாக இத்தொடரைப் பார்த்துச் சொல்கிறேன். 1979 வரை ஒளிபரப்பான மூன்று பருவங்களில் 29 அத்தியாயங்கள். இத்தனை வகுப்புகளுக்குப் பிறகும் அந்த மாணவர்கள் சொல்லிக்கொள்ளும்படியாக முன்னேறுவதில்லை. முன்னேறினால் நிகழ்ச்சி முடிந்துவிடும். அவர்கள் கற்றுக்கொள்ளாமல் இருப்பதில்தான் சிரிப்பே இருக்கிறது. தம் சொந்த மொழியில் அவர்கள் பேசத்தெரிந்தவர்கள், சிந்திப்பவர்கள், கவிதைகூட எழுதக்கூடியவர்கள் என்பதற்கு அந்த வகுப்பறையில் இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். ரஞ்சித்தும் அலியும் ஓயாமல் சண்டை பிடிப்பார்கள். சீக்கியருக்கும் முஸ்லிமுக்கும் ஆகாது என்பது அங்கே ஒரு நிரந்தரப் பகிடி. 1947இல் பஞ்சாப் இரண்டாகக் கிழிக்கப்பட்டபோது நடந்தவை நாம் அறிந்தவைதான். பிரிவினையில் இலட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்; ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு ஓடினார்கள். கோடு கீறியவர்கள் பிரித்தானியர். முப்பது வருடம் கழித்து அதே காயத்தை அவர்களுடைய தொலைக்காட்சி பகிடியாக்கியது. அலியாக நடித்த டீனோ ஷஃபீக் டாக்காவில் பிறந்தவர். ரஞ்சித்தாக நடித்தவர் கம்பளையில் பிறந்தவர். இருவருமே பஞ்சாபியர் அல்லர். பழுப்பு நிறம் ஒன்றே போதும் என்று வேடங்கள் பங்கிடப்பட்டன.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகு ஒரு கேள்வி கேட்கிறேன். அன்றைய லண்டனில் ஒரு பழுப்பு நிற நடிகனுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

1968இல் வெளியான 'த பார்ட்டி' படத்தில் இந்தியராக நடித்தவர் முகத்தில் சாயம் பூசிய பீட்டர் செல்லர்ஸ். 1974இல் பிபிசி தொடங்கிய 'இட் ஏய்ன்ட் ஹாஃப் ஹொட் மம்' தொடரில் ரங்கி ராம் என்ற இந்தியராக வந்தவர் மைக்கல் பேட்ஸ் என்ற வெள்ளையர். நமது கித்துல்கலையில் வந்து நடித்து, 1957இல் வெளியான 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்காக ஒஸ்கார் வென்ற அலெக் கின்னஸ், 1984இல் 'எ பாஸேஜ் டு இந்தியா'வில் பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக வந்தார். இந்தியனாக நடிக்கும் வாய்ப்பையும் வெள்ளையரே எடுத்துக்கொண்ட காலம் அது. மிச்சம் விடப்பட்டவை சிற்றூழியர், வேலைக்காரர், மன்னிப்புக் கேட்பவர். அதை ஏற்றவரைக் கோமாளி என்பது எளிது. அவர் ஏற்றிருக்காவிட்டால் அந்தத் தலைப்பாகையும் ஒரு வெள்ளைத் தலையில்தான் ஏறியிருக்கும்.

கண்டிக்காரர்களுக்கு இதைத் தூரதேசக் கதையாகச் சொல்லவேண்டியதில்லை. 1983இல் ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் 'இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒஃப் டூம்' படத்தை எடுக்க நம் மலைகளுக்கே வந்தார். நமது மலையகம் வட இந்தியக் கிராமமாகியது. கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் சிங்களத் திரையின் பெருங்கலைஞர் டி. ஆர். நாணயக்கார. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. கமெராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் சொல்லச்சொல்ல, அந்த ஒலிகளைத் திருப்பிச் சொன்னார். அப்படியும் அந்தக் கிழவரின் முகம் மறக்க முடியாததாக நிற்கிறது. அவரை யாரும் கோமாளி என்று சொன்னதில்லை. சொல்லவும் கூடாது.

அந்தத் தொடருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் பேச்சாளர் சொல்லியிருக்கலாம். அதைத் தயாரித்த லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியின் அதிகாரி மைக்கல் கிரேட், அது இனங்களை இழிவுபடுத்துகிறது என்று கருதியே நிறுத்தினார். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் அது இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், மலேசியா என்று விற்பனையானது. அங்கே வெட்கப்பட்டு நிறுத்தியதை இங்கே நாம் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம். இன்றும் தொலைபேசியில் பார்த்துச் சிரிக்கிறோம். பகிடி செய்யப்பட்டவர்களின் பிள்ளைகள் பகிடியை இரசித்தோம். அப்படியானால் கோமாளி நடித்தவரா, பார்த்தவர்களா?

இங்கேதான் என் வழக்கு உண்மையில் தொடங்குகிறது. மோசஸுக்கு எழுதும் உரிமை இருக்கவில்லை. வசனத்தை எழுதியவர் வின்ஸ் பவல். மோசஸின் கையில் இருந்தது அவருடைய முகமும் குரலும் மட்டுமே. நம் நிலை அப்படியல்ல. நமது கதைகளை நாமே எழுதுகிறோம், நாமே அச்சிடுகிறோம், நாமே பரிசும் கொடுத்துக்கொள்கிறோம். அந்தக் கதைகளில் கம்பளைக்கும் அக்குறணைக்கும் உடுநுவரைக்கும் உரிய நம் பேச்சு எங்கே வருகிறது? கதாநாயகன் படித்தவன்; அவன் பாடப்புத்தகத் தமிழில் பேசுவான். அவன் காதலிப்பவளும் அப்படியே. நம் வீட்டுத் தமிழ் வருவது கடைக்கார நானாவின் வாயில், சண்டைக்கார மாமியின் வாயில், காது கேளாத மூத்தப்பாவின் வாயில். வாசகன் சிரிக்கவேண்டிய இடத்தில் மட்டும் 'ஈக்கி'யும் 'கெடக்கல்ல'யும் எட்டிப்பார்க்கும். நமக்குள்ளேயே ரஞ்சித் சிங்குகளை உண்டாக்கி வைத்திருக்கிறோம். இதை எந்த வெள்ளைக்காரனும் நம்மைச் செய்யச் சொல்லவில்லை.

நான் பிறரை மட்டும் குறை சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன் எட்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் 'என் உம்மும்மா' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவி, வீட்டில் பேசுகிறபடியே எழுதியிருந்தாள். தன் உம்மும்மா நோயில் கிடந்த நாட்களைப் பற்றிய கட்டுரை. "உம்மும்மாக்கு சொகமில்லாம ஈந்த. அதான் எனக்கு ஸ்கூலுக்கு வரக் கெடக்கல்ல" என்று தொடங்கியது. ஆசிரிய கலாசாலையில் எனக்குச் சொல்லித்தந்தபடி சிவப்புப் பேனையால் வரிக்கு வரி கோடிட்டேன். போதாதென்று முதல் வரியை வகுப்பில் உரக்க வாசித்தேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். அதன்பிறகு அவள் எனக்கு எழுதித்தந்தவையெல்லாம் கைடு புத்தகத்திலிருந்து மனனம் செய்த கட்டுரைகள். பிழை ஒன்றும் இராது. உம்மும்மாவும் இருக்கமாட்டா. அந்த வகுப்பறையின் ஜெரமி பிரவுன் நான்தான்.

பரீட்சைக்குத் தேவையான எழுத்துத் தமிழைச் சொல்லிக்கொடுப்பது என் கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லிக்கொடுப்பதற்கு மற்றதைச் சிரிப்பாக்கத் தேவையில்லை.

"வட்டார வழக்கில் எழுதினால் வெளியூர் வாசகருக்கு விளங்காது, பெரிய விடயங்களைச் சொல்லவும் இயலாது" என்று ஒரு வாதம் எப்போதும் வரும். இது புதியதல்ல. 1960களில் இந்நாட்டில் மரபுப் போராட்டம் நடந்தபோது பண்டிதர்கள் இதையேதான் 'இழிசனர் வழக்கு' என்று சொன்னார்கள். அதை எதிர்த்து நின்ற முற்போக்கு எழுத்தாளர்களின் வெற்றியில்தான் நம் தலைமுறைகள் எழுத வந்தன. தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யைத் தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்களின் பேச்சைக் கொண்டே எழுதினார். 1988இல் நூலாக வந்த அந்நாவலை விளங்கவில்லை என்று தமிழ்கூறும் நல்லுலகம் தள்ளிவிடவில்லை. பின்னர் 1997இல் 'சாய்வு நாற்காலி'க்கு சாஹித்திய அகாதமி பரிசும் கிடைத்தது. அவருடைய ஏழைகள் பேசும்போது வாசகன் சிரிப்பதில்லை, பயப்படுகிறான், அழுகிறான். தேங்காய்ப்பட்டணத்துக்கு முடிந்தது கம்பளைக்கு ஏன் முடியாது?

பிரித்தானியத் திரையிலும் நிலைமை மாறியது எழுதும் கை மாறியபோதுதான். மோசஸ் நடித்த 'ஈஸ்ட் இஸ் ஈஸ்ட்' படத்தின் கதையை எழுதியவர் அயூப் கான் டின். பாகிஸ்தானியத் தந்தைக்கு இங்கிலாந்தில் பிறந்தவர். அப்படத்திலும் பகிடி உண்டு. ஆனால் அது வீட்டுக்குள்ளிருந்து வரும் பகிடி. அதற்குப் பின்னால் ஒரு குடும்பத்தின் வலி இருக்கிறது. லண்டனில் பாகிஸ்தானியப் பெற்றோருக்குப் பிறந்த ரிஸ் அஹ்மத், தாமே சேர்ந்து எழுதி நடித்த 'த லோங் குட்பாய்' குறும்படத்துக்கு 2022இல் ஒஸ்கார் பெற்றார். அவர் அதில் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தத் தலைமுறை நுழைந்த வாசலைக் குனிந்து நின்று திறந்துவைத்தவர்களில் கம்பளைக்காரர் ஒருவரும் இருந்தார்.

நமக்கோ எழுதும் கை நேற்றுக் கிடைத்ததல்ல. கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அஸன்பேயுடைய கதை'யை வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பேனை நம் கையில் இருக்கிறது. அப்படியிருந்தும் நம் உம்மாமாரின் பேச்சை நாமே அரங்கில் ஏற்றிச் சிரிக்கவைக்கிறோம் என்றால், லண்டனில் தனியாக நின்ற ஒரு நடிகனைக் கோமாளி என்று சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது?

இது வெறும் இலக்கியச் சண்டையல்ல. ஒரு சமூகத்தின் பேச்சையும் உடையையும் பகிடிப் பொருளாக மட்டுமே அறிந்தவர்களுக்கு, அந்தச் சமூகத்தின் துயரம் துயரமாகத் தெரியாது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் நம் கடைகள் எரிந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்கள் நம்மை முழு மனிதர்களாகப் பார்க்கவேண்டும் என்று கேட்பதற்கு முன்னர், நம் கதைகளில் நாம் முழு மனிதர்களாகப் பேசவேண்டும்.

ஆகவே மூன்று கோரிக்கைகள். கம்பளையின் பெருமக்கள் பட்டியலில் அல்பேர்ட் மோசஸின் பெயரையும் சேருங்கள். அவர் ஏற்ற வேடங்களின் குறையையும் மறைக்காமல் பக்கத்தில் எழுதுங்கள். இதழாசிரியர்களே, நம் பேச்சில் எழுதப்பட்ட கதை வந்தால் அதை 'நகைச்சுவை' என்ற தலைப்பின் கீழ்ப் போடாதீர்கள். ஆசிரிய நண்பர்களே, பிள்ளையின் முதல் வரியை வகுப்பில் உரக்க வாசிப்பதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

அந்த மாணவி இப்போது திருமணமாகிக் கம்பளைப் பக்கம் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய பிள்ளை தமிழ்ப் பாடத்துக்கு உட்காரும் வகுப்பில் என்னைப்போல் ஓர் ஆசிரியர் இருக்கக்கூடாது என்பது என் துஆ.