தாய் மடியில் 8 வாரம்!

1959-ல் சென்னை தியாகராயநகரில் பெருமழை. வெள்ளத்தில் தத்தளித்த நாய்க்குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் காப்பாற்றினார். "புளூ கிராஸ்" சங்கம் பிறந்த கதை இது.

இன்றும் குட்டிகள் தெருவுக்கு வருகின்றன. ஆசையாக வாங்கியவர்களில் சிலர், "கடிக்கிறது" என்று விட்டுவிடுகிறார்கள்.

குட்டி ஏன் கடிக்கிறது?

பிறந்த குட்டிக்குக் கண் தெரியாது, காது கேட்காது. சுமார் 2 வாரத்தில் கண் திறக்கும். 3-வது வாரம் முதல் விளையாடும். அழுத்திக் கடித்தால் மற்றக் குட்டி கத்தும், விளையாட்டு நிற்கும். பல்லை அடக்குவதை இப்படித்தான் கற்கிறது. சீக்கிரம் பிரித்தால் இந்தப் பாடம் போய்விடும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதி செய்தது.

கொடுப்பவர் கடமை

பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். 6 முதல் 8 வாரத்தில் முதல் தடுப்பூசி போட வேண்டும். மனிதர் கை, மிக்சி சத்தம், ஆட்டோ ஒலி எல்லாம் பழக்க வேண்டும்.

வாங்குபவர் கடமை

தெரு நாயைத் தத்து எடுப்பவர் அதை மீண்டும் தெருவில் விடக் கூடாது என்று 22-8-2025 அன்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது.

கொடுப்பவருக்கு 8 வாரப் பொறுமை வேண்டும். வாங்குபவருக்கு ஆயுள் முழுவதும் பொறுப்பு வேண்டும்.